இடது பக்கத்துச் சின்னக் கதவு

அத்தியாயம் 14

படியேறும்போதே மூத்தவளுக்குக் கேட்டுவிட்டது. நெட்டையன் நொண்டுகிறான்.

வெளியாள் காதில் அது விழுந்திருக்காது. டக், டக், டக் என்று ஒரே இடைவெளியில் விழ வேண்டிய சத்தம், ஜோடி ஜோடியாக டக்டக், டக்டக் என்று விழுந்துகொண்டிருந்தது. ஆளைவிட உயரமான கடிகாரம் அது. நின்ற இடத்தில் ஒரு நூல் அசைந்தாலும் நடை கெட்டுவிடும். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் மூத்தவள் ஹாலுக்குள் போய் நின்றாள். யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதுவும் இன்றைக்குப் பார்த்து.

இன்றைக்கு என்ன என்று, இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்கள் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். விடாமல் படிக்கிறவர்கள் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

நெட்டையனைச் செய்தவர் மூத்தவளின் தாத்தா. மரப்பெட்டியிலிருந்து உள்ளே கடைசிப் பித்தளைச் சக்கரம் வரை எல்லாம் அவர் கைவேலை. முகப்பின் உச்சியில் ஒரு நிலா உண்டு. வானத்து நிலாவோடு சேர்ந்து வளர்ந்து, சேர்ந்து தேயும். அப்பாவும் கடிகாரக்காரர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து முன்னறைக் கடையும் அப்பாவும் மூத்தவள் பொறுப்பு.

அருங்காட்சியகத்தில் பழைய கடிகாரங்களைப் பராமரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து அவள் விண்ணப்பம் போட்டதும், நீங்கள் வேலை செய்த கடிகாரம் ஒன்றைக் காட்ட முடியுமா என்று பதில் வந்ததும் போன வாரக் கதை. நாற்பத்தொரு வயதில் தனக்கென்று அவள் கேட்ட ஒரே விஷயம் அந்த வேலை. இன்று மாலை நான்கு மணிக்கு அதிகாரி அம்மாள் நெட்டையனைப் பார்க்க வருகிறார். வருகிறவருக்குக் காட்ட மூத்தவளிடம் சான்றிதழ் கிடையாது, பட்டயம் கிடையாது. கடிகாரத்தின் பின்தகட்டில் ஒரு கீறல் இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கீறல் தொழில் வழக்கம். கடிகாரத்தைத் திறந்து வேலை செய்தவர், மூடுவதற்கு முன் பின்தகட்டில் ஊசி முனையால் தன் குறியையும் மாதம் வருஷத்தையும் கீறிவிட்டு மூடுவார். அடுத்துத் திறக்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கையெழுத்து. நெட்டையனின் தகட்டில் தாத்தாவின் குறி ஒன்று, அதன் கீழே அப்பாவின் குறிகள் வரிசையாக இருபதுக்கு மேல், கடைசியில் மூத்தவளின் பிறைக்கோடும் போன வருஷத் தேதியும்.

அவள் கடிகாரத் தலையின் வலது பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே நுழைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் தாத்தா தெரிந்தார். அப்பா வரிசையாகத் தெரிந்தார்.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. விரல் நகம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது.

"வந்துட்டியா? டீ போட்டிருக்கேன். அப்பா தூங்கறார்." சமையலறையிலிருந்து சின்னவன் இரண்டு டம்ளரோடு வந்தான். மூத்தவளின் தம்பி. தச்சன். பக்கத்துத் தெருவில் மரப்பட்டறை வைத்திருக்கிறான். வெளியூரில் ஒரு மணிக்கூண்டு வேலைக்காக அக்கா இரண்டு நாள் போயிருந்ததால், அப்பாவுக்குத் துணையாக இங்கே வந்து தங்கியிருந்தான்.

"இதைத் தொட்டியா?"

"எதை?"

"நடிக்காதடா. என் குறியைக் காணோம். தேய்ச்சு எடுத்திருக்கு."

சின்னவன் டம்ளர்களைக் கீழே வைத்தான். "என்ன குறி?"

நீங்கள் அவனைப் பற்றிப் போன வாரமே கடுதாசி எழுதித் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் தன் வரவேற்பறையில் நிறுத்த நெட்டையனைக் கேட்டதும், 'செய்தவருக்கு அப்புறம் யாரும் மாற்றாத சாமான்தானே' என்று அவர் கேட்டபோது சின்னவன் தலையாட்டியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூத்தவளுக்கும் ஞாபகம் இருந்தது.

"அந்த ஹோட்டல்காரனுக்காகத்தானே? கை படாத சாமான்னு காட்ட என் பேரை அழிச்சிட்ட. நாலு மணிக்கு அந்தம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சும்."

"அக்கா, அவருக்கு நான் முடியாதுன்னு நேத்தே சொல்லியாச்சு. நீ நிலாச் சக்கரம் வெட்டினப்ப ஒரு மாசம் மத்தியானம் மத்தியானம் விளக்குப் பிடிச்சவன் நான். நானா அழிப்பேன்?"

"விளக்குப் பிடிச்சா எல்லாம் தெரிஞ்சிடுமா? உனக்குக் கடிகாரத்தைப் பத்தி என்னடா தெரியும்? மரத்தை இழைக்கறதோட நிறுத்திக்க. நான் ஒரு ஆளா நிமிர்ந்துடக் கூடாது, உனக்கு அதான் வேணும்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன கணத்திலேயே அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வயிறு எரிகிறவளுக்கு வாய் எங்கே நிற்கும்?

சின்னவன் தன் டீயைக் குடிக்காமல் எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டான்.

"நாலு மணிக்கு வரேன்னு சொன்னேன். சொன்ன வாக்குக்கு வருவேன்" என்றான். போய்விட்டான்.

மூத்தவள் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அந்த நொண்டிச் சத்தத்தை அவளால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. வலது கதவைச் சாத்தும்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கதவின் விளிம்பில் அவள் விரல் பட்ட இடம் தவிர மற்ற இடமெல்லாம் தூசி அப்படியே படிந்திருந்தது. அவளுக்கு முன்னால் யாரும் அதைத் திறக்கவில்லை.

சுற்றி வந்து இடது பக்கம் போனாள். அந்தப் பக்கமும் ஒரு சின்னக் கதவு உண்டு. வருஷக்கணக்காக யாரும் தொடாதது. வலது கைக்காரர்கள் வலது பக்கமாக நின்றுதான் பின்தகடு வரை கையை விட முடியும். இடது கதவு இடது கைக்காரர்களுக்குத்தான் தோதுப்படும்.

இடது கதவில் தூசி இல்லை. தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விட்டிருந்தது.

சின்னவன் வலது கைக்காரன். இந்த வீட்டில் இடது கையால் வேலை செய்கிறவர் ஒருவர்தான். அவரும் வேறு வழியில்லாமல் செய்கிறவர்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள அவரால் ஆகாது. சீப்பைப் பிடித்துத் தலை வார ஆகாது. அப்படிப்பட்ட ஒரு மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டிமேல் சாய்ந்து நின்று, ஒற்றைக் கையால் பெண்டுலத்தைக் கழற்றி, உப்புத்தாளை நுழைத்து, பக்கத்துக் கீறல் எதிலும் படாமல் ஒரே ஒரு பெயரை மட்டும் தேய்த்து எடுத்திருக்கிறார். சின்னவன் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு மத்தியானமாவது பிடித்திருக்கும். சாய்ந்து நின்ற கனத்தில் பெட்டி நகர்ந்திருக்கிறது. வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தாள். அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டார்.

"இடது பக்கக் கதவைத் திறந்தீங்களாப்பா?"

"தூசியா இருந்தது. துடைச்சேன்."

"என்னையும் சேர்த்துத் துடைச்சிட்டீங்க."

ஸ்பூன் தட்டில் நின்றது. மறுப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால் நம்பிக்கூட இருப்பாள்.

"அந்தம்மா வந்து பார்ப்பாங்க. ஏன் புதுச் சக்கரம் போட்டீங்கன்னு கேட்பாங்க" என்றார் அப்பா. "நீ என்ன சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"என்ன உள்ளது?"

"தாத்தா எண்ணினது தப்புன்னு."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே."

உள்ளது இதுதான். நிலாச் சக்கரத்தில் இரண்டு நிலாக்கள். இரண்டும் வளர்ந்து தேய்ந்து முடிய ஐம்பத்தொன்பது நாள். ஒரு நாளைக்கு இரண்டு பல் நகரும். ஆக, சக்கரத்துக்கு நூற்றுப் பதினெட்டுப் பல் வேண்டும். தாத்தா முழு எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, வரைபடத்தில் நூற்றிருபது என்று எழுதி நூற்றிருபதே வெட்டிவிட்டார். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் நிலா பின்தங்கும். இது அப்பாவுக்கு இளவயதிலேயே தெரியும். ஆனால் சக்கரத்தை மாற்றினால் தாத்தா தவறு செய்தார் என்றாகிவிடும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவர் நிலாவை விரலால் இரண்டு பல் தள்ளிவைத்தார். முப்பது வருஷம் தள்ளினார். கட்டின மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

கை விழுந்த பிறகு தள்ள ஆளில்லை. நிலா பின்தங்கிப் பின்தங்கி, வாசலில் பால் போல நிலவு காயும் நாளில் நெட்டையன் பாதி முகம்தான் காட்டினான். அப்போதுதான் மூத்தவள் பல்லை எண்ணிப் பார்த்தாள். அவள் கேட்ட பிறகுதான் அப்பா தள்ளிவந்ததை ஒப்புக்கொண்டார். புதுச் சக்கரம் வெட்டினாள்.

"முப்பது வருஷம் விரலால தள்ளினீங்க. நான் இனி தள்ளவே வேண்டாம்னு பண்ணிக் கொடுத்தேன். அதுக்கு எனக்கு இதுவாப்பா?"

"நீ நல்லாத்தான் வெட்டின. நான் இல்லேன்னு சொல்லல."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

"எங்கப்பா பேர் கெட்டுடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

"என் பேர்?"

அப்பா சாப்பிட ஆரம்பித்தார். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அவருக்கு அது படவில்லை. மூத்தவளுக்கு அந்த நிமிஷத்தில் மனசு விட்டுப்போயிற்று. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கடைக்கு ஓடி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். தாத்தாவின் வரைபடம் அங்கேதான் இருக்கும். உறை இருந்தது. உள்ளே காகிதம் இல்லை. தன் அப்பா கைப்பட எழுதிய ஒரே தாளை, அப்பாவின் பேரைக் காப்பாற்றுவதற்காக, அவரே கிழித்துப்போட்டிருக்கிறார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

தாளைக் கிழிக்கலாம். பித்தளையைக் கிழிக்க முடியாது. கழற்றிய பழைய சக்கரம் இருக்கிறதே. நூற்றிருபது பல்லோடு முழுசாக இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று சின்னவன் கேட்டான், கொடுத்தாள். பட்டறையில் ஆணியடித்து மாட்டி, அதில்தான் தன் சாவிக்கொத்தைத் தொங்கவிடுவான்.

மூத்தவள் அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இரண்டாவது மணியிலேயே துண்டித்துவிட்டான்.

அதிகாரி அம்மாள் சொன்னபடி நான்கு மணிக்கு வந்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் மூத்தவளின் விண்ணப்பம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நெட்டையனை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பின்னாலேயே சின்னவனும் வந்தான். அக்கா முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் நின்றுகொண்டான்.

"நிலாவுக்கு நூத்திப் பதினெட்டுப் பல் சக்கரம் புதுசா வெட்டினதா எழுதியிருக்கீங்க. பின்தகட்டில உங்க குறி இருக்குன்னும் எழுதியிருக்கீங்க. பார்க்கலாமா?"

மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவரே பிடிவாதமாக வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கி, மகளையே பொத்தான் போடச் சொல்லி மாட்டியிருந்தார்.

"அவ குறி எதுவும் இருக்காதும்மா. பார்த்துக்குங்க. எங்கப்பாதான் அந்தக் காலத்திலேயே நூத்திப் பதினெட்டு வெட்டினார். கணக்கில புலி அவர். நான் எண்ணெய் போட்டேன். இவ துணியால துடைச்சு வச்சிருக்கா. குழந்தை ஆசையில ஏதோ எழுதிட்டா."

குறியை அழித்தார், பொறுத்தாயிற்று. வரைபடத்தைக் கிழித்தார், அதையும் விழுங்கியாயிற்று. இப்போது அவள் ராத்தூக்கம் இல்லாமல் கண்டுபிடித்த எண்ணையே எடுத்துச் செத்தவர் கையில் கொடுத்துவிட்டார். 

"பொய்" என்றாள். "அப்பா சொல்றது பொய். நான்தான் வெட்டினேன். என் தம்பி கூடவே இருந்தான். பழைய சக்கரம் அவன்கிட்ட இருக்கு. கேளுங்க."

எல்லாரும் சின்னவனைப் பார்த்தார்கள்.

அவன் கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. உள்ளே பட்டறைச் சாவிக்கொத்து குலுங்கியது. அப்பாவைப் பார்த்தான். பிறகு காலையிலிருந்து முதல் தடவையாக அக்காவைப் பார்த்தான்.

"எனக்குக் கடிகாரத்தைப் பத்தி எதுவும் தெரியாதுங்க" என்றான். "மரம் இழைக்கத்தான் தெரியும்."

அதிகாரி அம்மாள் குட்டிக் கண்ணாடியைக் கதவுக்குள் நுழைத்துப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார், அப்பாவை வரிசையாகப் பார்த்தார். விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்குக் கோபம்கூட இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"அப்ப நான் கிளம்பறேன். அருமையான கடிகாரம். ஓடறதில்லையா?"

"ஏன் ஓடாம? டேய், ஓட்டிக் காட்டுடா" என்றார் அப்பா. குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

சின்னவன் கீழ்க் கதவைத் திறந்து பெண்டுலத்தை ஆட்டிவிட்டான்.

டக்டக். டக்டக். டக்டக்.

அதிகாரி வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டினார். அப்பாவின் முகம் சுருங்கியது. ஐம்பது வருஷம் கடிகாரச் சத்தத்திலேயே சாப்பிட்டுத் தூங்கி எழுந்த மனிதர். அந்த நொண்டலைக் கேட்டுக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. தடியை ஊன்றி எழுந்து நெட்டையனிடம் போனார். பெட்டியின் காலடியில் ஓர் அட்டைத்துண்டு செருக வேண்டும். ஒரு கையால் பெட்டியைத் தூக்கி, மறு கையால் செருக வேண்டும். அவருக்கு இருப்பது ஒரு கை.

சின்னவன் ஓடிவந்து பெட்டியைப் பிடித்தான்.

"நீ விடு. உனக்கு இது கேட்காது" என்றார் அப்பா எரிச்சலோடு. "எவ்வளவு தூக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும். திறந்து மாட்டினவ அவதானே. வாம்மா, வந்து சரி பண்ணு. நொண்டுது பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

மூத்தவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இந்த வீட்டில் அப்பா கூப்பிட்டு அவள் எழுந்திருக்காதது அதுதான் முதல் தடவை.

வாசலில் அதிகாரி அம்மாள் மாட்டிய செருப்பைக் கழற்றினார். திரும்பி உள்ளே வந்து, பையிலிருந்து விண்ணப்பத்தை வெளியே எடுத்தார்.

"யாருக்குத்தான் தெரியும்னு சொன்னீங்க ஐயா?"

அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டையன் நொண்டிக்கொண்டே இருந்தான். சின்னவனின் கை மறுபடி பைக்குள், பட்டறைச் சாவியின்மேல் போயிருந்தது.